ஸ்லீவா, பைபாஸா, மினியா? மூணு சர்ஜன், மூணு பதில்

எடைக்கல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். வயசு 42, உயரம் 165 செ.மீ., எடை 118 கிலோ. பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவுன்னு காட்டற எண்) 43ன்னு வருது. சர்க்கரை ஆறு வருஷமா இருக்கு. மாத்திரைதான், இன்சுலின் இல்லை. தூக்கத்துல மூச்சு நிக்குதுன்னு ராத்திரி சிபேப் மாஸ்க் போட்டுத்தான் படுக்கறேன். மூணு தடவை 15 கிலோ குறைச்சேன், மூணு தடவையும் வட்டியோட திரும்பி வந்துருச்சு.

இப்ப எடை குறைய இரைப்பை ஆபரேஷன்தான்னு முடிவு பண்ணி மூணு சர்ஜனைப் பார்த்தேன். ஒருத்தர் ஸ்லீவ் போதும்கறார். இன்னொருத்தர் பைபாஸ்தான்கறார். மூணாமவர் மினி பைபாஸ், ரெண்டோட நல்லதும் இதுல இருக்குங்கறார். மூணுமே சின்னத் துளை வழியா பண்றதுதான், மூணுமே பாதுகாப்புதான்னு மூணு பேரும் சொல்றாங்க. அப்ப எதை வெச்சுத் தேர்ந்தெடுக்கறது? எதுல எடை அதிகம் குறையும்?

நாலாம்வருஷ_ஸ்லீவ்

எனக்கு ஸ்லீவ் பண்ணி நாலு வருஷம். 124ல இருந்து 83 வந்து, இப்ப 89ல நிக்குது. எடை விஷயத்துல குறையே இல்லை. ஆனா ஒரு கேள்வி: உங்களுக்கு நெஞ்செரிச்சல் உண்டா? அதைப் பத்தி நீங்க எழுதவே இல்லையே.

எடைக்கல்

அது எல்லாருக்கும் இருக்கறதுதானேன்னு எழுதலை. ராத்திரி ஒரு மாத்திரை போட்டாத்தான் தூக்கம். ரெண்டு தலையணை வெச்சுப் படுப்பேன். ஏங்க?

நாலாம்வருஷ_ஸ்லீவ்

மூணு சர்ஜனும் அதைக் கேட்டாங்களா? கேட்டிருந்தா நீங்க இங்க எழுதியிருப்பீங்க.

என் கதை இதுதான். ஆபரேஷனுக்கு முன்னாடி எனக்கு எரிச்சலே கிடையாது. ரெண்டாம் வருஷம் ஆரம்பிச்சது. இப்ப காலையும் ராத்திரியும் மாத்திரை, படுக்கையோட தலைப்பக்கம் மரக்கட்டை வெச்சு உயர்த்தியிருக்கு. போன மாசம் எண்டோஸ்கோபில உணவுக்குழாய்ல புண்ணுன்னு சொல்லிட்டாங்க. ஸ்லீவை பைபாஸா மாத்தணும்னு பேச்சு நடக்குது. எனக்கு அப்படி ஆச்சுன்னா எல்லாருக்கும் ஆகும்னு சொல்ல வரலை. ஏற்கெனவே எரிச்சல் இருக்கற உங்களுக்கு அந்த வழியைச் சொன்ன மனுஷர் என்ன பார்த்துட்டுச் சொன்னார்ங்கறதுதான் என் சந்தேகம்.

குடல்கணக்கு

நான் இந்தத் துறையில் உள்ள அறுவை மருத்துவர். இணையத்தில் யாருக்கும் தனிப்பட்ட ஆலோசனை சொல்வதில்லை. ஆனால் மூன்று முறைகளும் உடலுக்குள் என்ன செய்கின்றன என்று தெரியாமல் 'எதில் எடை அதிகம் குறையும்' என்று கேட்டால் பதில் பிடிபடாது. அதனால் அதை மட்டும் விளக்குகிறேன்.

ஸ்லீவ்: இரைப்பையின் வெளி வளைவுப் பக்கத்தில் சுமார் 75 முதல் 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிடுகிறோம். வாய்வழியாக 12, 13 மி.மீ. தடிமனுள்ள ஒரு குழாயை உள்ளே இறக்கி, அதை ஒட்டியே ஸ்டேப்ளரால் வெட்டித் தைத்துக்கொண்டு மேலே போவோம். மிஞ்சுவது சட்டைக் கை போன்ற ஒரு குழல். குடலைத் தொடுவதில்லை. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது வெட்டி எறியும் அந்தப் பகுதியின் மேல்பக்கத்தில்தான். அதனால்தான் 'கொஞ்சம் சாப்பிட்டேன்' என்பதைவிட 'பசிக்கவே இல்லை' என்று நோயாளிகள் சொல்கிறார்கள். எடுத்ததை மறுபடி ஒட்ட முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எரிச்சல் ஏன் வருகிறது? அகன்ற பை ஒன்று ஒடுங்கிய குழலாகிவிட்டது. உள்ளே அழுத்தம் கூடுகிறது. கீழே வாசல் இறுக்கமாகவே இருக்கிறது. அப்போது அமிலம் மேலேதான் ஏறும்.

பைபாஸ், அதாவது 'ரூ-என்-ஒய்': இரைப்பையின் உச்சியில் சுமார் 30 மி.லி. கொள்ளும் சிறு பையைப் பிரிக்கிறோம். மீதி இரைப்பை உள்ளேயே இருக்கும், ஆனால் உணவு அதற்குள் போகாது. சிறுகுடலை அறுத்து ஒரு முனையை அந்தச் சிறு பையோடு இணைப்போம். பித்தநீரும் கணையநீரும் வரும் மறுமுனையை 100, 150 செ.மீ. தள்ளிக் கீழே இணைப்போம். ஆக இரண்டு இணைப்புகள். அமிலம் சுரக்கும் பெரும்பகுதி உணவுக்குழாயிலிருந்து துண்டிக்கப்படுவதால் எதுக்களிப்புக்கு இதுவே நல்ல மருந்து. உணவு சீக்கிரம் கீழ்க்குடலை எட்டுவதால் பசியையும் சர்க்கரையையும் குறைக்கும் ஜிஎல்பி-1 போன்ற ஹார்மோன்கள் கூடுகின்றன. எடை குறையும் முன்பே, சில நாட்களிலேயே சர்க்கரை இறங்கத் தொடங்கும். 1967இல் மேசன், இட்டோ இருவரும் வயிற்றைத் திறந்து செய்த அறுவையின் வழித்தோன்றல் இது. 1994இல் விட்குரோவ், கிளார்க் குழு இதைத் துளைவழியாகச் செய்ததை வெளியிட்டது.

மினி பைபாஸ்: 1997இல் ரட்லெட்ஜ் தொடங்கியது. நீண்ட ஒடுங்கிய பை, அதோடு குடலில் சுமார் 150 முதல் 200 செ.மீ. தள்ளி ஒரே ஓர் இணைப்பு. நேரம் குறைவு. பித்தநீர் அந்த இணைப்பு வழியாகத்தான் கடந்துபோக வேண்டும், சிலருக்கு மேலே ஏறவும் செய்யும். பெயரில்தான் மினி. கடத்திவிடும் குடலின் நீளம் வழக்கமான பைபாஸைவிட அதிகம்.

பழைய_பேண்ட்

இந்தப் பட்டியல்ல பேண்ட் இல்லைன்னு பார்க்கவே எனக்கு ஆறுதல். ஒரு காலத்துல 'வெட்டு இல்லை, தையல் இல்லை, வேண்டாம்னா கழட்டிக்கலாம்'னுதான் எனக்கு அதை மாட்டினாங்க. இரைப்பைக்கு மேல் ஒரு வளையம், தோலுக்கு அடியில ஒரு பட்டன், அதுல ஊசி போட்டு இறுக்கறது. அஞ்சாம் வருஷம் வளையம் நழுவிடுச்சு. தண்ணி குடிச்சாக்கூட வாந்தி. கழட்டத்தான் ரெண்டாம் ஆபரேஷன். கழட்டின ஒரே வருஷத்துல எடை மொத்தமும் திரும்பி வந்துருச்சு.

'வேண்டாம்னா கழட்டிக்கலாம்'ங்கறதைக் கேட்டா நல்லாத்தான் இருக்கும்.

ஊசிப்பட்டாசு

இவ்வளவு கஷ்டம் எதுக்குங்க? இப்பத்தான் எடை குறைய வாரம் ஒரு ஊசி வந்தாச்சே. செமாக்ளூட்டைடு, டிர்செபடைடு. வெட்டுக்குத்து எல்லாம் பழங்காலம் ஆயிடுச்சு.

குடல்கணக்கு

ஊசிகள் நல்ல மருந்துகள், நானும் எழுதித் தருகிறேன். செமாக்ளூட்டைடு ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக உடல் எடையில் 14.9 சதவீதம் குறைந்தது. டிர்செபடைடின் உச்ச அளவில் 72 வாரத்தில் சுமார் 21 சதவீதம். ஆனால் செமாக்ளூட்டைடை நிறுத்தியவர்களை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. பிஎம்ஐ 43 என்றால் ஊசி, அறுவை இரண்டும் தேவைப்படலாம். முன்னும் போடலாம், பின்னும் போடலாம். இதைப் போட்டியாகப் பார்க்க வேண்டியதில்லை.

ஊசிப்பட்டாசு

சரிங்க, வாபஸ். வாய்வழியா குழாய் விட்டு உள்ளயே தையல் போடறாங்களே, அதாவது வேலை செய்யுமா?

குடல்கணக்கு

எண்டோஸ்கோபி ஸ்லீவ். வெட்டுவதில்லை, இரைப்பையை உள்ளிருந்து மடித்துத் தைப்பது. 2022இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில் ஒரு வருடத்தில் 13.6 சதவீத எடை குறைந்தது. வாழ்க்கைமுறை மாற்றம் மட்டும் செய்த பிரிவில் 0.8 சதவீதம். ஆனால் அதில் சேர்த்தவர்களின் பிஎம்ஐ 30 முதல் 40 வரை. இழையைத் தொடங்கியவர் அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறார்.

எடைக்கல்

டாக்டர், ரொம்ப நன்றி. ஆனா என் முதல் கேள்விக்கு இன்னும் பதில் வரலை. எதுல அதிகம் குறையும்? ஒருத்தர் 70 சதவீதம்கறார், இன்னொருத்தர் 25 சதவீதம்கறார். தலை சுத்துது.

குடல்கணக்கு

அவர்கள் இருவரும் ஒரே எடையைத்தான் சொல்லியிருக்கலாம். ஒருவர் 'கூடுதல் எடையில்' எத்தனை சதவீதம் என்கிறார், மற்றவர் 'மொத்த எடையில்' என்கிறார். உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். உங்கள் உயரத்துக்கு பிஎம்ஐ 25 என்றால் 68 கிலோ. உங்களிடம் கூடுதலாக இருப்பது 50 கிலோ. 25 கிலோ குறைந்தால் கூடுதல் எடையில் 50 சதவீதம், மொத்த எடையில் 21 சதவீதம். விளம்பரங்களில் எப்போதும் பெரிய எண்தான் வரும்.

இப்போது ஒப்பீடு. பின்லாந்தில் 240 பேரைக் குலுக்கல் முறையில் ஸ்லீவ், பைபாஸ் என்று பிரித்து 10 வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். 'ஸ்லீவ்பாஸ்' என்று பெயர். முடிவு 2022இல் வெளிவந்தது. கூடுதல் எடையில் ஸ்லீவுக்கு 43.5 சதவீதம், பைபாஸுக்கு 51.9 சதவீதம் குறைந்திருந்தது. உங்கள் 50 கிலோவில் வைத்துப் பார்த்தால் 22 கிலோவும் 26 கிலோவும். பத்து வருடத்தில் வித்தியாசம் நாலு கிலோ.

அதே ஆய்வில் இன்னோர் எண்: எண்டோஸ்கோபியில் உணவுக்குழாய்ப் புண் ஸ்லீவ் பிரிவில் 31 சதவீதம், பைபாஸ் பிரிவில் 7 சதவீதம். நான் தேர்வு செய்ய உட்கார்ந்தால் நாலு கிலோவை ஓரமாக வைத்துவிட்டு இந்த எண்ணைத்தான் பார்ப்பேன்.

சர்க்கரையும் கணக்கில் வரும். 150 சர்க்கரை நோயாளிகளை 5 வருடம் பார்த்த ஸ்டாம்பீட் ஆய்வில், எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) 6 அல்லது அதற்குக் கீழே வந்தவர்கள் மருந்து மட்டும் பிரிவில் 5 சதவீதம், ஸ்லீவில் 23, பைபாஸில் 29. சர்க்கரை வந்து எத்தனை வருடம், இன்சுலின் போடுகிறாரா என்பதைப் பொறுத்து வாய்ப்பு மாறும். ஆறு வருடம், மாத்திரை மட்டும் என்பது இன்னும் நல்ல நிலைதான். 'குணமாகிவிடும்' என்று யாராவது உறுதி சொன்னால் மட்டும் நம்பாதீர்கள். திரும்பி வருவதும் உண்டு.

எடைக்கல்

அப்ப மினி? அதுதான் ரெண்டுக்கும் நடுவுலன்னு சொன்னாரே.

குடல்கணக்கு

நடுவில் இல்லை, பைபாஸுக்குப் பக்கத்து வீடு. பிரான்சில் இரண்டையும் ஒப்பிட்ட யோமேகா ஆய்வு 2019இல் வந்தது. இரண்டு வருடத்தில் எடைக் குறைவு சமம். ஆனால் 200 செ.மீ. குடலைக் கடத்திய மினி பிரிவில் வயிற்றுப்போக்கு அதிகம். கடுமையான சத்துக்குறைபாட்டுச் சிக்கல்கள் அந்தப் பிரிவில் மட்டுமே வந்தன. இப்போது பலர் 150 செ.மீ.க்குக் குறைத்துவிட்டார்கள். பிஎம்ஐ 50ஐத் தாண்டியவர்களுக்கு, வயிற்றுக்குள் இடமே இல்லாதபோது, ஒரே இணைப்பு என்பது பெரிய வசதி. எதுக்களிப்பு உள்ளவருக்கு என் முதல் தேர்வாக இருக்காது.

மாடிப்படி

டாக்டர் சொன்னதெல்லாம் சரி. ஆனா பைபாஸ் பண்ணிக்கிட்டு ஏழு வருஷமா வாழறவளா ஒண்ணு சொல்றேன். இங்க எல்லாரும் பைபாஸை ரொம்ப நல்ல பிள்ளையாக் காட்டறீங்க.

எனக்கு மூணாம் வருஷம், எடை எல்லாம் குறைஞ்சு சந்தோஷமா இருந்த நேரம். ஒரு ராத்திரி தொப்புளுக்கு மேல முறுக்கிப் பிடிச்ச மாதிரி வலி, முதுகு வரைக்கும். பக்கத்துல இருந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் நார்மல். 'கேஸ்'னு ஊசி போட்டு அனுப்பிட்டாங்க. மறுநாள் காலைல மறுபடி போனோம். எனக்கு ஆபரேஷன் பண்ணின சர்ஜனுக்கு என் வீட்டுக்காரர் போன் போட்டார். அவர் கேட்ட முதல் கேள்வி 'சிடி ஸ்கேன் எடுத்தாங்களா?' எடுத்தா குடல் சுழிச்சுக்கிட்டுக் கிடக்கு. அன்னிக்கு சாயங்காலமே தியேட்டர். இன்னும் அரை நாள் போயிருந்தா ஒரு முழ நீளக் குடலை வெட்டி எடுத்திருப்பாங்களாம்.

இது எனக்கு ஆபரேஷனுக்கு முன்னாடி யாரும் புரியற மாதிரி சொல்லலை. பாரத்துல இருந்திருக்கும், நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

குடல்கணக்கு

அம்மா சொல்வது 'உள் குடலிறக்கம்'. இங்கே நானே முதலில் எழுதியிருக்க வேண்டும், மன்னிக்கவும்.

பைபாஸில் குடலை இடம் மாற்றித் தைக்கும்போது குடல்தாங்கிச் சவ்வில் இரண்டு சந்துகள் உண்டாகின்றன. ஒன்று கீழ் இணைப்பின் அருகே. இன்னொன்று மேலே ஏறும் குடலுக்குப் பின்னால், பீட்டர்சன் சந்து என்பார்கள். அறுவையின்போது சவ்வு கொழுப்பால் தடித்திருப்பதால் சந்து சின்னதாகத் தெரியும். எடை குறையும்போது அந்தக் கொழுப்பும் உருகும், சந்து அகலும். குடல் அதற்குள் நுழைந்து முறுக்கிக்கொள்ளும். அதனால்தான் நன்றாக எடை குறைந்தவருக்கு, வருடங்கள் கழித்து வருகிறது.

ஸ்வீடனில் சுமார் 2500 பேரிடம் செய்த ஆய்வு 2016இல் வந்தது. இரண்டு சந்துகளையும் தைத்து மூடியவர்களில் குடலடைப்புக்காக மூன்று வருடத்துக்குள் மறு அறுவை 5.5 சதவீதம், மூடாதவர்களில் 10.2. மூடுவதிலும் ஒரு விலை உண்டு: தையல் இழுத்துக் கீழ் இணைப்பு மடங்கி, முதல் மாதத்திலேயே அடைப்பு வந்தவர்கள் மூடிய பிரிவில் அதிகம். எனினும் மூடுவதே இன்று பெரும்பாலோரின் வழக்கம்.

மயக்கமருந்துக்காரன்

திரைக்குப் பின்னாடி நிக்கற ஆள் நான், ரெண்டு வார்த்தை. 'சின்னத் துளை'ன்னா சின்ன ஆபரேஷன்னு நினைக்காதீங்க. அஞ்சாறு துளை வெளியில சின்னதுதான். உள்ள நடக்கறது பெருசு. வயித்துக்குள்ள கரியமில வாயுவை 12, 15 மி.மீ. பாதரச அழுத்தத்துக்கு ஊதி உப்ப வைக்கறோம், தலையைத் தூக்கிச் சாய்ச்சு வைக்கறோம். நுரையீரலுக்கு அது சுமை. அப்புறம் ஒரு நாள் தோள்பட்டை வலிக்கும். மாரடைப்புன்னு பயந்துக்காதீங்க, உதரவிதானத்தை வாயு உறுத்தறதுதான்.

எடைக்கல் சார், உங்க சிபேப் மெஷினை ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டு வாங்க. முதல் ராத்திரியே அது வேணும். முன்னாடி ரெண்டு வாரம் குறைந்த கலோரி டயட் சொல்வாங்க, ஏமாத்தாதீங்க. எடைக்காக இல்லை அது, கல்லீரல் சுருங்கறதுக்கு. கொழுத்த கல்லீரலோட இடது மடல் இரைப்பை மேல கவுந்து கிடக்கும், சர்ஜனுக்கு எதுவும் தெரியாது. அன்னிக்கே எழுந்து நடக்கச் சொல்வாங்க, காலில ரத்தக்கட்டி வரக்கூடாதுங்கறதுக்காக. நடங்க.

ரோபோ பத்திக் கேட்பீங்க. கையை நல்லா திருப்பலாம், சர்ஜனுக்கு முதுகுவலி குறைவு. உங்களுக்குக் கிடைக்கற ஆபரேஷன் அதேதான். நேரம் கூட ஆகும்.

நாலாம்வருஷ_ஸ்லீவ்

ஸ்லீவ் பக்கமும் ஒரு வார்த்தை பேச விடுங்க, நானே அதைத் திட்டிட்டுப் போயிட்டா நியாயம் இல்லை. என் தம்பிக்கும் ஸ்லீவ்தான். அவனுக்கு எரிச்சலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. மூட்டுவாதத்துக்குத் தினம் வலி மாத்திரை போட்டே ஆகணும். பைபாஸ் பண்ணினா அந்த மாத்திரையைத் தொடக்கூடாதுன்னாங்க. அதனால ஸ்லீவ். இன்னிக்கு வரைக்கும் நல்லா இருக்கான்.

எடைக்கல்

மூணு வாரம் கழிச்சு வர்றேன். எண்டோஸ்கோபி பார்த்தாச்சு. 3 செ.மீ. ஹயாட்டஸ் ஹெர்னியா, அதாவது இரைப்பையோட மேல்பகுதி நெஞ்சுப் பக்கம் ஏறியிருக்கு. உணவுக்குழாய்ப் புண் 'பி' கிரேடு, நாலு படியில ரெண்டாவது. ஸ்லீவ் சொன்ன டாக்டர்கிட்ட ரிப்போர்ட்டைக் காட்டினேன். அஞ்சு நிமிஷம் பார்த்துட்டு, 'இதுக்கு நான் ஸ்லீவ் பண்ண மாட்டேன்'னு அவரே சொல்லிட்டார். மனுஷர் மேல மரியாதை வந்துச்சு. மினி சொன்னவர் 'ஒண்ணும் ஆகாது'ன்னார். பைபாஸ் சொன்னவர்கிட்ட மாடிப்படி அக்கா எழுதினதை அப்படியே கேட்டேன். பேப்பரை எடுத்துப் படம் வரைஞ்சு காட்டினார். ரெண்டு சந்தையும் கரையாத நூல்ல மூடுவேன், ஹெர்னியாவையும் அப்பவே சரி பண்ணுவேன்னார். அடுத்த மாசம் தேதி.

ஒரே ஒரு சிக்கல். எனக்கு முட்டி வலி. வாரம் ரெண்டு மூணு தடவை டைக்ளோஃபினாக் போடுவேன். அதை அவர்கிட்ட சொல்ல மறந்துட்டேன்.

குடல்கணக்கு

நாளைக்கே சொல்லிவிடுங்கள். பைபாஸில் இரைப்பைப் பையும் குடலும் சேரும் இடத்தில் புண் வரும் அபாயம் எப்போதும் உண்டு. அதைக் கிளறிவிடுபவை இரண்டு: ஒன்று புகை பிடிப்பது, மற்றொன்று டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபன் வகை வலி மாத்திரைகள். பாராசிட்டமால் போடலாம். 25 கிலோ குறைந்தால் முட்டியே பாதி பேசாமல் இருக்கும் என்பது என் அனுபவம், ஆனால் அதை நம்பி மறைக்க வேண்டாம். முட்டிக்கு அந்த மாத்திரை இல்லாமல் முடியவே முடியாது என்று எலும்பு மருத்துவர் சொன்னால் முழுக் கணக்கையும் மறுபடி போட வேண்டியிருக்கும்.

எடைக்கல்

புகை இல்லை. எலும்பு டாக்டரைப் பார்த்துட்டேன், ஜெல்லும் பாராசிட்டமாலும் போதும்னு எழுதிக் கொடுத்துட்டார். அப்புறம் சத்து மாத்திரை வாழ்நாள் முழுக்கன்னாங்க. நிஜமாவே வாழ்நாள் முழுக்கவா?

மாடிப்படி

நிஜமாவே. பி12, இரும்பு, கால்சியம் சிட்ரேட், வைட்டமின் டி, ஒரு மல்டிவைட்டமின். இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடாதீங்க, ரெண்டு மணி நேரம் இடைவெளி விடுங்க. ஒண்ணு இன்னொண்ணை உடம்புல சேர விடாது. நான் ரெண்டாம் வருஷம் 'நல்லாத்தானே இருக்கேன்'னு நிறுத்தினேன், ஹீமோகுளோபின் 8க்கு வந்துருச்சு. மூணாம் மாசத்துல இருந்து முடி கொட்டும், அழாதீங்க, திரும்ப முளைக்கும். இனிப்பா எதையாவது வேகமா உள்ள தள்ளினா அரை மணி நேரத்துக்குள்ள படபடன்னு வேர்த்து, படுக்கத்தான் தோணும். ரெண்டு தடவை பட்டா நாக்கே கத்துக்கும். வாந்தி நிக்காம நாள்கணக்குல இருந்தா மட்டும் வீட்ல உக்காந்துக்கிட்டு இருக்காதீங்க, பி1 இறங்கிட்டா நரம்பு, மூளை வரைக்கும் போகும்.

பர்ஸ்ல ஒரு சீட்டு வெச்சுக்கங்க தம்பி. நான் இப்பவும் வெச்சிருக்கேன். 'ரூ-என்-ஒய் பைபாஸ் செய்தவர். வயிற்று வலி என்றால் சிடி எடுக்கவும். மூக்கு வழியாகக் குழாயைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ள வேண்டாம். டைக்ளோஃபினாக் வேண்டாம்.' கீழ சர்ஜன் போன் நம்பர். அடுத்த தடவை உங்களை யார் பார்ப்பாங்கன்னு உங்களுக்கே தெரியாது.

எடைக்கல்

எழுதிட்டேன் அக்கா. லேமினேட் பண்ணக் கொடுத்திருக்கேன்.